பம்புசெட் பேனலில் ஆம்பியர் தவறினால் மோட்டார் தப்பாது!

கோடையில் ஒரு நீர்மூழ்கி மோட்டார் எரிந்தால், காயில் கட்டும் கூலியோடு செலவு முடிவதில்லை. குழாயை மேலே தூக்க வண்டி பிடிக்க வேண்டும், ஆள் வேண்டும், மோட்டார் திரும்பி வரும் வரை பயிர் காத்திருக்க வேண்டும். காய்க்கும் பருவத்தில் உள்ள தக்காளிக்கோ, குலை தள்ளும் வாழைக்கோ நான்கைந்து நாள் தண்ணீர் இல்லையென்றால், அந்த இழப்பு மோட்டார் செலவையும் மிஞ்சிவிடும்.

இதற்குப் பயந்துதான் இன்று பல விவசாயிகள் பழைய ஸ்டார்ட்டருடன் மின்னணு பாதுகாப்புக் கருவி, கைபேசி ஸ்டார்ட்டர், டிஜிட்டல் மீட்டர் ஆகியவற்றைப் பொருத்துகிறார்கள். அப்படியும் சில இடங்களில் மோட்டார் எரிகிறது. வேறு சில இடங்களில் கருவி காரணமில்லாமல் மோட்டாரை நிறுத்துகிறது. பொறுமை இழந்த விவசாயி அதைக் கழற்றி நேர் இணைப்புக் கொடுத்துவிடுகிறார். இந்த இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பெட்டிக்குள் உள்ள மின்னணு அட்டை மின்னோட்டத்தைச் சரியாக அளக்கவில்லை. சரியாக அளக்காததற்குக் காரணம், அந்த அட்டைக்கே சீரான மின்னழுத்தம் கிடைக்கவில்லை.

மின்னழுத்தம் குறைந்தால் ஏன் எரிகிறது?

'வோல்டேஜ் குறைவாக இருந்தால் மோட்டாருக்குப் போகும் கரண்டும் குறைவுதானே, அது ஏன் எரிய வேண்டும்?' என்று பலர் கேட்பதுண்டு. ஒரு குண்டு பல்புக்கு அது பொருந்தும், மோட்டாருக்குப் பொருந்தாது. மோட்டார் தூக்க வேண்டிய தண்ணீரின் பாரம் அப்படியே இருக்கிறது. மின்னழுத்தம் குறைந்தால், அதே வேலையைச் செய்ய மோட்டார் கூடுதல் ஆம்பியரை இழுக்கும்.

415 வோல்ட்டில் 8 ஆம்பியர் எடுக்கும் 5 எச்.பி. மோட்டார், 340 வோல்ட்டில் ஏறத்தாழ 9.8 ஆம்பியர் எடுக்கும். காயிலில் உண்டாகும் வெப்பம் ஆம்பியரின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். எனவே ஆம்பியர் கால் பங்குக்கும் சற்றுக் குறைவாகக் கூடினாலே வெப்பம் ஒன்றரை மடங்காகிறது. காயில் காப்பின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது மின்பொறியாளர்கள் பின்பற்றும் பொது விதி. லோ வோல்டேஜில் ஓடிய மோட்டார் அன்றே எரியாவிட்டாலும், அடுத்த கோடைக்குள் எரிய இதுவே காரணம்.

கிளம்பும்போது நிலைமை இன்னும் மோசம். மோட்டாரின் சுழற்று விசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. மின்னழுத்தம் 80 சதவீதமாகக் குறைந்தால் விசை 64 சதவீதம்தான் இருக்கும். நேரடியாகக் கிளம்பும் மோட்டார் வழக்கமான ஆம்பியரைப் போல ஆறேழு மடங்கு இழுக்கும். விசை போதாமல் கிளம்பத் திணறும் ஒவ்வொரு நொடியும் காயில் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டியிருக்கிறது.

ஆம்பியரை அளக்கும் வளையம்

மின்னணு பேனலைத் திறந்து பார்த்தால், மோட்டாருக்குப் போகும் வயர் ஒரு சிறு கறுப்பு வளையத்தின் நடுவே நுழைந்து செல்வதைக் காணலாம். இதுதான் சி.டி. எனப்படும் மின்னோட்ட மின்மாற்றி. வளையத்தின் உள்ளே மெல்லிய கம்பி பல நூறு சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். நடுவே போகும் வயரில் ஓடும் ஆம்பியருக்கு ஏற்ப, அந்தச் சுற்றில் மிகச் சிறிய மின்னோட்டம் உருவாகும். 1000 சுற்று உள்ள வளையத்தில் 10 ஆம்பியர் சென்றால், வெளியே வருவது 10 மில்லி ஆம்பியர். அதை 100 ஓம் மின்தடை வழியே விட்டால் 1 வோல்ட் கிடைக்கும். 5 ஆம்பியர் என்றால் அரை வோல்ட்.

அட்டையில் உள்ள நுண்கட்டுப்பாட்டுச் சிப், இந்தச் சிறு மின்னழுத்தத்தை அளந்து ஆம்பியராக மாற்றித் திரையில் காட்டுகிறது. வைத்த அளவைத் தாண்டினால் ரிலேயைத் துண்டித்து மோட்டாரை நிறுத்துகிறது.

ஒரு எச்சரிக்கை. பெரிய பேனல்களில் 50/5 போன்ற சி.டி.க்கள் தனியாக இருக்கும். மோட்டார் ஓடும்போது சி.டி.யிலிருந்து மீட்டருக்கு வரும் வயரைக் கழற்றவே கூடாது. சுற்று திறந்துவிட்டால் அதன் முனைகளில் ஆபத்தான உயர் மின்னழுத்தம் தோன்றும். ஆளையும் தாக்கும், சி.டி.யும் கெடும்.

அளவுகோல் சுருங்கினால்...

சிப் எப்படி அளக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். விலை குறைந்த பல அட்டைகளில், சிப்புக்குக் கொடுக்கும் 5 வோல்ட் மின்சாரமே அந்த அளவுகோல். அந்த 5 வோல்ட்டை 1024 பங்குகளாகப் பிரித்து, வந்த மின்னழுத்தம் எத்தனை பங்கு என்று எண்ணிச் சொல்கிறது.

அந்த 5 வோல்ட் 4.5 ஆகக் குறைந்துவிட்டால் என்ன ஆகும்? அளவுகோல் சுருங்கிவிட்டது என்பது சிப்புக்குத் தெரியாது. சுருங்கிய முழக்கோலால் நிலத்தை அளந்தால் நிலம் கூடுதலாகத் தெரிவதைப் போல, ஆம்பியர் கூடுதலாகத் தெரியும். உண்மையில் ஓடுவது 10 ஆம்பியர். திரை காட்டுவது 11.1 ஆம்பியர்.

இதனால் இரண்டு விதமான கேடு வரும்.

முதலாவது, ஓவர்லோடு அளவை 11 ஆம்பியரில் வைத்திருந்தால், நல்ல நிலையில் ஓடும் மோட்டாரும் நின்றுவிடும். நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் இப்படி இரண்டு முறை நின்றால், யாரும் கருவியைக் கழற்றத்தான் நினைப்பார்கள்.

இரண்டாவது இதைவிட ஆபத்தானது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்துவதற்கான அளவை 7.5 ஆம்பியரில் வைத்திருக்கிறோம். போரில் தண்ணீர் வற்றி, மோட்டார் 7 ஆம்பியர்தான் எடுக்கிறது. கருவி நிறுத்த வேண்டும். ஆனால் திரையில் 7.8 எனக் காட்டுவதால் கருவி நிறுத்தாது. மோட்டார் வெறுமனே ஓடிச் சூடேறும்.

மின்னழுத்தத்தை அளப்பதும் அதே சிப், அதே அளவுகோல். எனவே லைனில் 340 வோல்ட் இருக்கும்போது திரை சுமார் 378 காட்டும். 'வோல்டேஜ் நன்றாகத்தானே இருந்தது' என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

5 வோல்ட் ஏன் தடுமாறுகிறது?

அட்டைக்குத் தேவையான மின்சாரம் பெரும்பாலும் ஒரு சிறு டிரான்ஸ்பார்மரிலிருந்து வருகிறது. இரண்டு பேஸ்களுக்கு இடையே உள்ள 415 வோல்ட்டை அது 9 வோல்ட்டாகக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு டயோடுகள் அதை ஒரே திசை மின்சாரமாக மாற்றும். ஒரு கெபாசிட்டர் அதன் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும். இப்போது சுமார் 11 வோல்ட் இருக்கும். அதன்பின் 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் அதை 5 வோல்ட்டாக நிலைநிறுத்தும்.

இந்த ரெகுலேட்டர் தன் வேலையைச் செய்ய, உள்ளே வரும் மின்னழுத்தம் வெளியே தர வேண்டியதைவிட ஏறத்தாழ 2 வோல்ட் அதிகம் இருக்க வேண்டும். அதாவது 7 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. மேட்டூர் அணையில் நீர்மட்டம் எவ்வளவு ஏறினாலும் மதகு வழியே ஒரே அளவு விடலாம். மதகுக்குக் கீழே மட்டம் இறங்கிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது அல்லவா? அதே கதைதான்.

லைன் மின்னழுத்தம் 300 வோல்ட்டாகக் குறைந்தால், 11 வோல்ட் இருந்த இடத்தில் 7.8 வோல்ட்தான் இருக்கும். கெபாசிட்டர் நன்றாக இருந்தால் சமாளிக்கும். வெயிலில் காய்ந்து பழையதாகிப் போன கெபாசிட்டர் என்றால், ஏற்ற இறக்கம் 1 வோல்ட் அளவு இருந்தாலே பள்ளத்தில் 7 வோல்ட்டுக்குக் கீழே போய்விடும். 250 வோல்ட்டில் உள்ளே வருவது சுமார் 6.3 வோல்ட், ரெகுலேட்டரால் 5 வோல்ட் தரவே முடியாது. மோட்டாருக்குப் பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் லோ வோல்டேஜ் நேரத்தில்தான் பாதுகாப்புக் கருவியும் தடுமாறுகிறது.

கைபேசி ஸ்டார்ட்டர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் உள்ள சிம் கார்டு பகுதி, கோபுரத்துடன் தொடர்புகொள்ளும் கணநேரத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். அட்டையின் மின்வழங்கல் பலவீனமாக இருந்தால், அழைப்பு வரும்போதெல்லாம் அளவுகோல் ஆடும். சில நேரம் கருவியே அணைந்து மறுபடி தொடங்கும். சிக்னல் குறைந்த இடங்களில் இது அதிகம்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. டிரான்ஸ்பார்மருக்குப் பதிலாக, மின்னழுத்தம் பாதியாகக் குறைந்தாலும் கூடினாலும் ஒரே அளவு தரும் எஸ்.எம்.பி.எஸ். வகை மின்வழங்கல் உள்ள கருவிகள் சந்தையில் உள்ளன. நல்ல அட்டைகளில், அளவுகோலுக்கென்றே டி.எல். 431 போன்ற தனி மின்னழுத்தச் சிப் இருக்கும், அது 2.5 வோல்ட்டை நிலையாகத் தரும். சிப்புக்கு வரும் 5 வோல்ட் சற்று ஆடினாலும் அளவு மாறாது. சிம் பகுதிக்குத் தனி ரெகுலேட்டர் கொடுத்திருப்பதும் நல்ல அட்டையின் அடையாளம்.

தண்ணீர் இல்லாவிட்டாலும் ஆம்பியர் காட்டும்

தண்ணீர் வற்றினால் ஆம்பியர் பூஜ்ஜியத்துக்கு அருகே வந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி வராது. பாரமே இல்லாவிட்டாலும், தன் காந்தப் புலத்தை உண்டாக்கவே மோட்டாருக்குக் கணிசமான ஆம்பியர் தேவை. எனவே தண்ணீர் உள்ளபோதும் இல்லாதபோதும் உள்ள வித்தியாசம் 2 அல்லது 3 ஆம்பியர்தான் இருக்கும். இந்த இடைவெளிக்குள் வெட்டும் அளவை வைக்க வேண்டியிருப்பதால்தான் ஒரு ஆம்பியர் தவறும் பெரிய தவறாகிறது.

போரில் தண்ணீர் நிறைவாக வரும்போது மோட்டார் எடுக்கும் ஆம்பியரைக் குறித்துக்கொண்டு, அதைவிட 15 முதல் 20 சதவீதம் குறைவாக வெட்டும் அளவை வைப்பது வழக்கம். 9 ஆம்பியர் எடுக்கும் மோட்டாருக்கு 7.2 முதல் 7.6 வரை. நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் மாறுவதால், கோடைத் தொடக்கத்தில் ஒருமுறை மறுபடி பார்த்து வைப்பது நல்லது.

ஒரு பேஸ் போனால்

ஓடிக்கொண்டிருக்கும் மும்முனை மோட்டாரில் ஒரு பேஸ் துண்டானால், மோட்டார் உடனே நிற்காது. மீதமுள்ள இரண்டு பேஸ்களில் அதிக ஆம்பியர் இழுத்து ஓடிக்கொண்டிருக்கும். அத்துடன், துண்டான பேஸின் முனையில் ஓடும் மோட்டாரே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கும். மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கும் தடுப்புக் கருவி, மூன்று பேஸும் இருக்கின்றன என்று ஏமாந்துபோக வாய்ப்பு உண்டு. மூன்று வயரிலும் ஆம்பியரை அளக்கும் கருவி ஏமாறாது. ஒரு வயரில் ஆம்பியர் இல்லையென்றால் பேஸ் இல்லை என்பது உறுதி. எனவே சிங்கிள் பேஸ் தடுப்பான் வாங்கும்போது, மின்னோட்டத்தையும் பார்க்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

மூன்று பேஸும் இருந்து, அவை சமமில்லாமல் இருப்பதும் தீங்குதான். 400, 385, 370 வோல்ட் என வருவதாகக் கொள்வோம். சராசரி 385. அதிலிருந்து அதிகபட்ச விலகல் 15 வோல்ட், அதாவது 3.9 சதவீதம். ஒரு சதவீத மின்னழுத்த வேறுபாடு, ஆம்பியரில் 6 முதல் 10 சதவீத வேறுபாட்டை உண்டாக்கும். மேற்கண்ட அளவில் மோட்டாரின் சூடேற்றம் சுமார் 30 சதவீதம் கூடும். வேறுபாடு 5 சதவீதத்தைத் தாண்டினால் மோட்டாரை ஓட்டாமல் இருப்பதே நல்லது.

குறை லைனிலா, மோட்டாரிலா?

மூன்று வயரிலும் ஆம்பியர் சமமில்லை என்றால், குற்றம் மின்வாரிய லைனிலா, நம் மோட்டாரிலா என்ற தகராறு வரும். இதற்கு எளிய சோதனை உண்டு. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று வயர்களையும் வரிசை மாறாமல் ஒவ்வோர் இடம் தள்ளி இணைக்க வேண்டும். முதல் வயர் இரண்டாம் இடத்துக்கு, இரண்டாவது மூன்றாம் இடத்துக்கு, மூன்றாவது முதல் இடத்துக்கு. இப்படி மூன்றையும் சேர்த்து நகர்த்தினால் மோட்டார் சுற்றும் திசை மாறாது.

மறுபடி ஓட்டி அளந்தால், அதிக ஆம்பியர் அதே லைன் பேஸில் நின்றால் குறை மின்வழங்கலில். மோட்டார் வயருடன் சேர்ந்து அதிக ஆம்பியரும் இடம் மாறினால் குறை மோட்டாரிலோ, கேபிளிலோ, ஜாயிண்டிலோ. இது தெரியாமல் 500 அடி ஆழத்திலிருந்து மோட்டாரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, 'மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது' என்று மறுபடி இறக்கியவர்கள் உண்டு.

டாங் டெஸ்டரால் சரிபார்க்கலாம்

பேனல் காட்டும் அளவு சரியா என்பதை அறிய, எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் டாங் டெஸ்டர் போதும். மோட்டார் ஓடும்போது ஒரே ஒரு வயரை மட்டும் அதன் வாய்க்குள் விட்டு அளக்க வேண்டும். மூன்று வயரையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்ஜியம்தான் காட்டும். சூரிய மின்சக்தி பம்பு, வி.எப்.டி. டிரைவ் உள்ள பம்பு ஆகியவற்றுக்கு 'ட்ரூ ஆர்.எம்.எஸ்.' வகை டெஸ்டர்தான் சரியான அளவைக் காட்டும். சாதாரண டெஸ்டர் தவறாகக் காட்டும்.

ஒரு முறை அளந்து விட்டுவிடக் கூடாது. மின்னழுத்தம் நன்றாக உள்ள நேரத்தில் ஒரு முறை, குறைந்திருக்கும் நேரத்தில் ஒரு முறை என இரண்டு முறை அளக்க வேண்டும். இரண்டு நேரத்திலும் பேனலும் டெஸ்டரும் ஒத்துப்போனால் அட்டை நலம். நல்ல மின்னழுத்தத்தில் ஒத்துப்போய், லோ வோல்டேஜில் மட்டும் பேனல் கூடுதலாகக் காட்டினால், 5 வோல்ட் மின்வழங்கலில்தான் கோளாறு. பெரும்பாலும் தலை உப்பிய கெபாசிட்டரை மாற்றினாலே சரியாகிவிடும். அதன் விலை மிகக் குறைவு. எப்போதும் ஒரே அளவில் கூடவோ குறையவோ காட்டினால், சி.டி. அளவுக்கு ஏற்ற அமைப்பு கருவியில் செய்யப்படவில்லை என்று பொருள். விற்றவரை அழைத்துச் சரிசெய்யச் சொல்லலாம்.

பேனலுக்குள் 415 வோல்ட் இருக்கிறது. ஈரக் கையோடும் வெறுங்காலோடும் திறக்கக் கூடாது. அளக்கும் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்தே செய்ய வேண்டும்.

ஸ்டார் டெல்டாவில் நடக்கும் தவறு

ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே பெரும்பாலும் டெல்டா சுற்றுக்குள் இருக்கும். அந்த வயரில் ஓடுவது லைன் ஆம்பியரில் 58 சதவீதம்தான். பெயர்ப்பலகையில் 15 ஆம்பியர் என்றிருந்தால், ரிலேயை 8.7 ஆம்பியரில் வைக்க வேண்டும். 15-லேயே வைத்துவிட்டால், மோட்டார் எரியும் வரை ரிலே வேலை செய்யாது. சி.டி. வளையத்தை எந்த வயரில் மாட்டுகிறோம் என்பதற்கும் இதே கணக்கு பொருந்தும்.

கேபிளில் போகும் வோல்ட்

பேனலில் காட்டும் மின்னழுத்தம் முழுவதும் ஆழத்தில் உள்ள மோட்டாரைச் சேர்வதில்லை. 200 மீட்டர் நீளமுள்ள 2.5 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் 10 ஆம்பியர் சென்றால் சுமார் 20 வோல்ட் வழியிலேயே இழப்பாகும். 4 சதுர மி.மீ. என்றால் சுமார் 13 வோல்ட். 6 சதுர மி.மீ. என்றால் 9 வோல்ட்டுக்கும் குறைவு. ஏற்கெனவே லைனில் 350 வோல்ட்தான் வருகிறது என்றால் இந்த 20 வோல்ட் பெரிது. போரை ஆழப்படுத்தும்போது பழைய கேபிளோடு அதே அளவு கேபிளை ஒட்டுப்போட்டு இறக்குவதைத் தவிர்க்க வேண்டும்.

கருவி வாங்கும் முன் கேட்க வேண்டியவை

* எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை கருவி சரியாக அளக்கும்? கருவி இயங்கும் அளவும் சரியாக அளக்கும் அளவும் வேறு வேறு.
* ஆம்பியரை எத்தனை பேஸில் அளக்கிறது? ஒன்றில் மட்டுமா, மூன்றிலுமா?
* தண்ணீர் இல்லா நிலை, ஓவர்லோடு, மின்னழுத்தக் குறைவு ஆகியவற்றின் அளவுகளை நாமே மாற்றி வைக்க முடியுமா?
* மின்சாரம் வந்தவுடன் மோட்டாரைக் கிளப்பாமல் சிறிது நேரம் தாமதிக்கும் வசதி உண்டா? ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ள எல்லா மோட்டார்களும் ஒரே நொடியில் கிளம்பினால் மின்னழுத்தம் சரிந்துவிடும். பக்கத்துத் தோட்டத்தாருடன் பேசி ஆளுக்கொரு தாமத நேரம் வைத்துக்கொண்டால் அனைவருக்கும் நன்மை.
* இடி, மின்னலால் வரும் திடீர் மின்னழுத்தத்தைத் தாங்கும் பாதுகாப்பு உள்ளதா? இருந்தாலும் நல்ல எர்த் இல்லாமல் அது பயன்படாது.
* அட்டை பழுதானால் அருகிலேயே சரிசெய்ய ஆள் உண்டா?

பேனல் பெட்டியை வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது. மின்னணு கெபாசிட்டரின் ஆயுளும் 10 டிகிரி வெப்பத்துக்குப் பாதியாகக் குறையும். நிழலில், காற்றோட்டமாக, பல்லியும் எறும்பும் புகாதபடி மூடி வைத்தாலே கருவி பல ஆண்டுகள் உழைக்கும். கைபேசி வழி இயங்கும் பம்புசெட் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு மானியம் வழங்கும் திட்டத்தை வேளாண்மைப் பொறியியல் துறை செயல்படுத்தியுள்ளது. தற்போதைய நிலையை, உபகோட்ட உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டு அறியலாம்.

குறிப்பேடு ஒன்று போதும்

லோ வோல்டேஜுக்கு ஸ்டெபிலைசர் வைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். மின்னழுத்தத்தை உயர்த்திக் கொடுக்கும் ஸ்டெபிலைசர், லைனிலிருந்து கூடுதல் ஆம்பியரை இழுத்துத்தான் அதைச் செய்கிறது. ஒருவர் வைத்தால் அவருக்குப் பலன். ஒரே டிரான்ஸ்பார்மரில் எல்லோரும் வைத்தால் லைன் மின்னழுத்தம் இன்னும் இறங்கும்.

அதைவிடப் பயனுள்ளது, பேனல் அருகே ஒரு குறிப்பேடு. ஒரு வாரம் தினமும் மூன்று வேளை, நேரத்தோடு மூன்று பேஸ் மின்னழுத்தத்தையும் ஆம்பியரையும் எழுதி வைக்க வேண்டும். டாங் டெஸ்டரால் சரிபார்க்கப்பட்ட பேனலில் எழுதிய இந்த அளவுகளோடு, அதே டிரான்ஸ்பார்மரில் உள்ள விவசாயிகள் சேர்ந்து மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மனு கொடுத்தால், 'வோல்டேஜ் வரவில்லை' என்று வாயால் சொல்வதைவிட அதற்கு வலு அதிகம். புதிய டிரான்ஸ்பார்மர் கேட்பதற்கும், லைனைப் பிரித்துத் தரக் கேட்பதற்கும் அதுவே ஆதாரம். அதே குறிப்பேட்டில், வழக்கமாக 9 ஆம்பியர் எடுத்த மோட்டார் அதே மின்னழுத்தத்தில் 10 ஆம்பியர் எடுக்கத் தொடங்கியதும் தெரிந்துவிடும். பேரிங் தேய்கிறதா, பம்பில் மணல் ஏறியிருக்கிறதா என்று எரிவதற்கு முன்பே பார்த்துவிடலாம்.